பெரியப்பாவுக்குச் சொல்லியாச்சா?

ஒரு சின்னக் கட்டம். அதற்குள் கறுப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. நான் முழுப் பொறுப்பேற்று ஆராய்ந்த முதல் சிஸ்டம் அவ்வளவுதான். அதை நான் மேம்படுத்திக் கொடுத்த மூன்றாவது நாள், ஒரு கல்யாண வீட்டில் அண்ணன் தம்பி உறவு அறுந்துபோகப் பார்த்தது.

இந்த ஆண்டு சிஸ்டம் அனலிஸ்ட்டாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்கள், ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். என் மேசையை ஒழித்துக்கொடுத்து ஓய்வுபெற்று வந்துவிட்டேன். நாட்குறிப்புகள் மட்டும் வரிசையாக அலமாரியில் இருக்கின்றன. வரைபடம் போடுவது எப்படி, அட்டவணை பிரிப்பது எப்படி என்பதெல்லாம் உங்கள் பாடப் புத்தகத்தில் என்னைவிட நன்றாகவே இருக்கிறது. ஒரு தகவல் எங்கிருந்து எங்கே போகிறது என்று அம்புக்குறி போட அது கற்றுத்தரும். நான் சொல்ல வந்தது, போட்டிருக்கக் கூடாத ஓர் அம்புக்குறியைப் பற்றி.

சிங்கப்பூருக்கு அடுத்த கரையில், தெப்ராவில் ஒரு தமிழ் முஸ்லிம் பெரியவர் கீழே சாப்பாட்டுக் கடையும் மாடியில் கல்யாண மண்டபமும் வைத்திருந்தார். எல்லோருக்கும் அவர் பாய். கோயில் கல்யாணம், சர்ச் கல்யாணம், நிக்காஹ் விருந்து, பிறந்தநாள், காதுகுத்து என்று எல்லா வீட்டு விசேஷமும் அந்த மாடியில்தான். கல்லாவுக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பலகை. அதில் ஆண்டு முழுவதும் கட்டம் கட்டமாகப் போட்டிருக்கும். மண்டபம் எடுத்த நாளில் ஒரு பெருக்கல் குறி. யார் வீடு, என்ன விசேஷம், எத்தனை பேர் என்பதெல்லாம் பாயின் தலைக்குள் இருந்தது.

அவர் எங்கள் கம்பெனியைத் தேடி வந்ததற்குக் காரணம், புதிதாகச் சேர்ந்த ஊழியர் ஒருவரின் சுறுசுறுப்பு. மேசை துடைத்த துணியோடு பலகையையும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டார். போன குறிகளில் ஒன்று பாயின் தலையிலிருந்தும் போய்விட்டது. ஒரே சனிக்கிழமைக்கு இரண்டு குடும்பங்கள் மேளத்தோடு வந்து இறங்கின. பாய் நடுவில் திரை கட்டினார். ஒரு பக்கம் இளம் ஜோடியின் கல்யாண விருந்து, மறுபக்கம் ஒருவருக்கு அறுபதாம் கல்யாணம், இரண்டு பக்கமும் ஒரே பிரியாணி. பரிசுப் பெட்டிகளில் பாதி பக்கம் மாறிப் போய், அறுபது வயது மாப்பிள்ளை ஆறு ரைஸ் குக்கரோடு வீட்டுக்குப் போனார்.

நானும் புரோகிராமர் தினேஷும் பாயைப் பேட்டி காண உட்கார்ந்தோம். நான் அடிக்கோல், இரண்டு நிறப் பேனா, கோடு போட்ட தாள் சகிதம் வருவதைப் பார்த்ததிலிருந்து பாய் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்.

"பாய், இந்த விவரத்தை யார் யார் பாக்கணும்?" என்று கேட்டேன். இந்தக் கேள்வியைக் கேட்டேன் என்பதை தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

"எல்லாரும் பாக்கணும் டீச்சர்."

"எல்லாரும்னா?"

"சாப்பிட வர்றவன், புங்குஸ் பொட்டலம் வாங்கிட்டுப் போறவன், ரோட்டுல போறவன், எல்லாரும்தான். பெரிய டிவி ஒண்ணு வாங்கிட்டேன், கை கழுவுற எடத்துக்கு மேல மாட்டுறோம். எந்தத் தேதி, யார் வீட்டு விசேஷம், எல்லாம் பேரோட வரணும். பேரைப் பாத்தாதான், 'ஓ, அவங்களே இங்கதான் வைக்கிறாங்களா'ன்னு அடுத்தவன் மாடிக்கு வருவான்."

"எழுத்து எவ்வளவு பெருசா?"

"கடைசி மேசையில ஒக்காந்து ரொட்டி சானாய் திங்கிறவன் கண்ணாடி போடாம படிக்கணும்."

எழுதிக்கொண்டேன். பழைய முறையின் குறைபாடுகள் என்று தலைப்பிட்டு, 'பலகையில் பெயர் இல்லை' என்பதை முதல் வரியாகப் போட்டேன். நாள் ரத்தானால் காத்திருக்கும் அடுத்த குடும்பத்துக்கு உடனே தானாகச் செய்தி போகும் வசதியையும் சேர்த்தேன். அது என் சொந்த யோசனை. கோரிக்கைகள் எல்லாவற்றையும் தட்டச்சு செய்து கொண்டுபோனபோது பாய் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். மூன்றாம் பக்கத்தில் கையெழுத்தோடு ஒரு சொட்டு சாம்பாரும் விழுந்தது. வாடிக்கையாளர் போடும் கையெழுத்துக்கு, இவர்கள் சீக்கிரம் எழுந்து போகட்டும் என்பதற்குமேல் பெரிய அர்த்தம் எப்போதும் இருப்பதில்லை. அன்று எனக்கு அது தெரியாது. கோப்பில் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை டிவி ஓட ஆரம்பித்தது. பாய் தலையிலிருந்த பெயர்களை எல்லாம் தினேஷிடம் சொல்லச் சொல்ல, அவன் ஏற்றினான். மாதம் மாதமாகத் திரை மாறியது. கடைசி மேசையில் நானே உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை. சாப்பிட வந்தவர்கள் பந்தாட்டம் போடச் சொல்லிக் கேட்காமல் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'அட, அந்த வீட்டுப் பொண்ணுக்கா? போன வருசம்தானே படிச்சு முடிச்சா' என்று மேசைக்கு மேசை பேச்சு. பாய் எனக்குக் கூடுதலாக, நுரைக்க இழுத்து ஆற்றிய ஒரு தே தாரிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் நுழைகிறேன், கைப்பேசி அடிக்கிறது.

"டீச்சர், உடனே வாங்க. தம்பியையும் கூட்டிட்டு வாங்க. பின்வாசல் வழியா வாங்க."

"என்ன பாய், டிவி ஓடலையா?"

"ஓடுதுமா, அதான் பிரச்சனை!"

பின்வாசல் என்பது சமையற்கட்டு. ரொட்டி வீசுகிற மாஸ்டருக்குப் பக்கத்தில், புது ஏப்ரனும் காகிதத் தொப்பியும் போட்டுக்கொண்டு ஓர் ஆள் நின்றிருந்தார். மாஸ்டர் மாவை வீசும்போதெல்லாம் அவர் குனிந்துகொண்டார். சமையற்காரர் இல்லை என்பது பார்த்த உடனே தெரிந்தது.

"இவர்தான் சூசை, ஸ்டெல்லாவோட அப்பா" என்றார் பாய் கிசுகிசுப்பாக. "அந்த ஏப்ரல் சனிக்கிழமை. டிவி விஷயம் கேட்டு ஓடி வந்தாரு, வெளிய ஒருத்தர் கண்ணுல படாம இங்க ஒளிச்சு வச்சிருக்கேன்."

எனக்கு நினைவிருந்தது. 'சூசை இல்லம், மகள் ஸ்டெல்லா திருமண விருந்து.' ஒரே வரியில் அடங்கியதால் எனக்குப் பிடித்த பதிவு அது.

"மேடம்," என்றார் சூசை. காகிதத் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். "வெளிய நாலாவது மேசையில ஒருத்தர் தோசை சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு பாருங்க. எங்கண்ணன் லூர்து. எம்பொண்ணுக்குக் கல்யாணம்னு அவருக்கு இன்னும் தெரியாது."

"கல்யாணத்துக்கு மண்டபம் எடுத்துட்டீங்களே?"

"எடுத்துட்டோம்தான். சாயங்காலந்தான் அவர் வீட்டுக்குத் தட்டோட போயி, 'அண்ணே, நீங்கதான் நாள் குறிச்சுக் குடுக்கணும்'னு கேக்கப் போறோம்."

தினேஷ்தான் கேட்டான். "அவரு வேற நாள் சொல்லிட்டா?"

"சொல்ல மாட்டாரு தம்பி. தவக்காலம் முடியணும்பேன். பிள்ளைங்களுக்கு ஸ்கூல் லீவு வேணும்பா எம்பொண்டாட்டி. சிங்கப்பூர்ல தனக்கும் மாப்பிள்ளைக்கும் லீவு கெடைக்கிறது அந்த வாரந்தான்னு ஸ்டெல்லா சொல்லுவா. மிச்சம் ஒரே ஒரு சனிக்கிழமைதான் இருக்கும். அவரே அதைச் சொல்லுவாரு. நாங்க ஆச்சரியப்படுவோம்."

"எல்லார் வீட்லயும் இப்படித்தான் டீச்சர்," என்றார் பாய், இதுகூடத் தெரியாதா என்பதுபோல. "மொதல்ல ஹால், அப்புறம்தான் பெரியவங்க. ஹால் கெடைக்காம நாள் குறிச்சு என்ன பண்றது? பெரியவர் நாள் சொல்லுவாரு, எனக்குப் போன் அடிப்பாரு. 'ஐயோ அலமாக், அன்னிக்கு ஆள் இருக்கே'ம்பேன். 'எனக்காகப் பாரு பாய்'ம்பாரு. ஒரு நாள் கழிச்சு, 'உங்களுக்காக மாத்திட்டேன்'ம்பேன். அவருக்கும் மரியாதை, எனக்கும் மரியாதை."

இந்த முழு நடைமுறையும் என் கோரிக்கை ஆவணத்தில் ஒரு வரிகூட இல்லை.

சூசை விஷயத்தை முழுதாகச் சொன்னார். இருவரும் ரெங்கம் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர்கள். அப்பா செத்தபோது சூசை ஐந்தாம் வகுப்பு. லூர்து பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு செம்பனைக் குலை ஏற்றப் போனார். தம்பி படித்தது அந்தக் குலைகளில்தான். ஸ்டெல்லாவுக்கு ஞானத் தகப்பனும் அவரே. சூசையின் மூத்த மகனின் நிச்சயத்தை அவசரத்தில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். லூர்துவுக்கும் மற்றவர்களோடு மற்றவராகத்தான் செய்தி போனது.

"குரூப்பை விட்டுப் போயிட்டாரு மேடம். 'லூர்து வெளியேறினார்'னு வந்துச்சு பாருங்க, வீட்டை விட்டுப் போன மாதிரி இருந்துச்சு. அந்தக் கல்யாணத்துக்கு வரவே இல்ல. பேச்சுவார்த்தை கெடையாது. ஸ்டெல்லாதான் ஒவ்வொரு சிங்கப்பூர் லீவுக்கும் அவர் வீட்ல போய் ஒக்காந்து ஒக்காந்து ஒட்ட வச்சா. பெரியப்பா வராம நான் பீடத்துக்கு முன்னாடி நிக்க மாட்டேங்குறா. அவர் அந்த டிவியைப் பாத்தாருன்னா முடிஞ்சுது."

"சனி, ஞாயிறு வந்தாரா அவர்?" என்று பாயிடம் கேட்டேன்.

"வரவே இல்ல. நாந்தானே கல்லாவுல இருந்தேன். இன்னிக்குத்தான் வந்திருக்காரு. அல்லாவோட கிருபை, என்னைக்கும் கை கழுவுற பக்கம் பாத்து ஒக்காருறவரு இன்னிக்கு முதுகைக் காட்டி ஒக்காந்துட்டாரு."

"அப்போ டிவியை அடைச்சிட வேண்டியதுதானே?"

"அடைச்சேனே!" பாய் நெற்றியைத் துடைத்தார். "மூணு மேசை சேர்ந்து 'ஏன் பாய் அடைச்சே, எங்க சொந்தக்காரங்க மாசம் வரப்போகுது'ன்னு சத்தம். கடையே திரும்பிப் பாத்துச்சு. அவரும் திரும்பிடுவாரோன்னு பயந்து மறுபடி போட்டுட்டேன்."

கடையே திரும்பியபோது லூர்து மட்டும் தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தார் என்பதைப் பாயின் ஊழியர் ஒருவர் சொன்னார். காது மந்தமாக இருக்கும் என்று முடிவு செய்தோம். அவர் எப்படியும் சாப்பிட்டு எழுந்து கைகழுவ வருவார். கைகழுவும் தொட்டி டிவிக்கு நேர் கீழே. எங்களுக்கு இருந்த அவகாசம் ஒரு தோசை.

நெருக்கடியில் முதலில் தோன்றும் வழியைத் தள்ளி வையுங்கள். அதைச் சொல்ல எப்போதும் பக்கத்தில் ஓர் ஆள் இருப்பார். எனக்கு தினேஷ் இருந்தான்.

"அக்கா, ரெண்டு நிமிசம்லா. ஸ்டெல்லா பேரை எடுத்துட்டு வேற பேர் போட்டுடறேன். ராஜேஸ்வரி, காதுகுத்து."

"யாருப்பா ராஜேஸ்வரி?" என்றார் பாய் திடுக்கிட்டு. "எனக்குத் தெரியாம யாரு புக்கிங் குடுத்தது?"

"சும்மா ஒரு பேரு பாய்."

"அண்ணனுக்கு இந்த வட்டாரத்துல எல்லா வீடும் தெரியும்," என்றார் சூசை. "ராஜேஸ்வரி யாருன்னு விசாரிச்சுக்கிட்டே என் வீட்டுக்கு வந்துடுவாரு."

"அது மட்டுமில்ல," என்றேன். "சாயங்காலம் நீங்க அந்தச் சனிக்கிழமையைப் பத்திப் பேசினா, அன்னிக்கு ராஜேஸ்வரி வீட்டுக் காதுகுத்து, அவங்களைப் போய்க் கெடுக்கக் கூடாதுன்னு அவரே வேற நாள் சொல்லிடுவாரு. நல்ல மனுசன்னா அப்படித்தான் சொல்லுவாரு."

"அப்போ புக்கிங்கையே அழிச்சிடறேன். ராத்திரி மறுபடி ஏத்திக்கலாம்."

தினேஷ் விரலை வைக்கும் முன் அவன் கையைப் பிடித்தேன். அழித்த அடுத்த நொடி, அதே நாளுக்காகக் காத்திருக்கும் ஸ்கூடாய் ஊர்க் குடும்பத்துக்கு 'வாழ்த்துகள், உங்களுக்கு நாள் கிடைத்துவிட்டது' என்று செய்தி போகும். என் சொந்த யோசனை என்று சொன்னேன் அல்லவா, அதுதான்.

வெளியே லூர்துவின் தட்டு காலியாகிக்கொண்டிருந்தது. பாய் ஓடிப்போய் இன்னொரு தோசையை வைத்தார். "இது நம்ம கணக்குல, அண்ணே. புது மாவு, எப்படி இருக்குன்னு சொல்லணும்." பிறகு தன் முழங்கால் வலியை, வைத்தியர் சொன்னதை, வைத்தியரின் மாமியார் சொன்னதை எல்லாம் அவருக்கு விளக்க ஆரம்பித்தார். ஆட்களெல்லாம் பதற்றத்தில் நின்றுவிட, "சட்னி!" என்று லூர்து குரல் கொடுத்தார். ரொட்டி மாஸ்டர் பழக்கத்தில், ஏப்ரன் போட்டிருந்த ஆளின் கையில் சட்னி வாளியைத் திணித்து முதுகில் ஒரு தள்ளு தள்ளினார். சூசை இரண்டடி வெளியே போய், அண்ணனின் முதுகைப் பார்த்து, அப்படியே பின்னால் நடந்து உள்ளே வந்தார். ஒரு சொட்டு சட்னி சிந்தவில்லை.

நான் சமையற்கட்டு வாசலில் நின்று திரையைப் பார்த்தேன். ஸ்டெல்லாவின் பெயரை மட்டும் எடுத்துவிட்டால்? சுற்றிலும் பெயர்கள் இருக்க ஒரே ஒரு நாளில் வெறும் குறி. ஊர் அதைப் பற்றித்தான் பேசும். எடுத்தால் எல்லாப் பெயரையும் எடுக்க வேண்டும். பழைய பலகையில் இருந்தது போலவே, நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. பெயரும் விவரமும் உள்ளே பத்திரமாக இருக்கும், திரைக்கு மட்டும் வராது. பொய் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. தினேஷ் பத்து நிமிடம் போதும் என்றான்.

பாயைச் சைகை காட்டிக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"எல்லாப் பேரையுமா? டீச்சர், அந்த டிவி என்ன சைஸ் தெரியுமா? பெருக்கல் குறி போடவா வாங்கினேன்?"

"பாய், இப்போ ஓடுற பேர்ல எத்தனை வீட்ல பெரியவங்களுக்குச் சொல்லிட்டாங்க? உங்களுக்குத் தெரியுமா?"

பாய் திரையை அண்ணாந்து பார்த்தார். ஏப்ரல் போய் மே வந்தது, மே போய் ஜூன் வந்தது. உதடு அசைந்துகொண்டே இருந்தது. "இவங்க வீட்ல மாமனுக்குத் தெரியாது... இது, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இன்னும் பொண்ணையே வந்து பாக்கல... இது..." சட்டென்று நிறுத்தினார். ஜூன் இரண்டாவது சனிக்கிழமையில் அவர் பார்வை நின்றுவிட்டது.

"என்ன பாய்?"

"என் மச்சான் மவன் நிக்காஹ்." குரல் காற்றாகத்தான் வந்தது. "அக்காக்காரிதான் நாள் குறிச்சுக் குடுக்கணும்னு கேக்க மச்சான் இன்னும் எங்க வீட்டுக்கே வரல. எம்பொண்டாட்டிக்குத் தெரியாது டீச்சர்! பதினொரு மணிக்கு மீன் வாங்கிட்டு நேரா இங்கதான் வருவா!" தினேஷின் தோளைப் பிடித்து உலுக்கினார். "தம்பி, எடு. எல்லாத்தையும் எடு. என் பேரு இருந்தா அதையும் எடு."

சோதிக்காமல் எதையும் வெளியே விடாதவள் நான். அன்று சோதனைக்கு இடமில்லை. தினேஷ் அரிசி மூட்டைமேல் மடிக்கணினியை வைத்துத் தட்டினான். வெளியே இரண்டாவது தோசையும் முடிந்துவிட்டது. பாய் அடுத்து எதைக் கொண்டுபோய் வைப்பது என்று விழித்துக்கொண்டிருந்தபோது, லூர்துவே திரும்பாமல் கையை உயர்த்தினார்.

"பாய், இன்னொண்ணு போடச் சொல்லு."

"இன்னிக்கு அண்ணனுக்கு நல்ல பசி," என்று பாய் மேலே பார்த்துக் கைகளை ஏந்தினார்.

மூன்றாவது தோசை பாதி இருக்கும்போது திரை ஒருமுறை கறுத்து, மறுபடி எரிந்தது. கட்டங்கள், பெருக்கல் குறிகள். பெயர் ஒன்றுகூட இல்லை. சற்று நேரத்தில் லூர்து எழுந்து வந்தார். ஒல்லியான, நெடிய மனிதர். நிதானமாகக் கை கழுவினார். அண்ணாந்து திரையைப் பார்த்தார். ஏப்ரல் வந்தது. சமையற்கட்டில் ரொட்டி மாஸ்டர்கூட மாவைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"என்ன பாய், பேரெல்லாம் போட்டிருக்கேன்னு பெருமையாச் சொன்னாங்க ஆளுங்க. ஒண்ணையும் காணோமே?"

"அது... கம்பெனிக்காரங்க என்னமோ அப்டேட்டு பண்றாங்கண்ணே."

"பரவால்ல. இதான் கண்ணுக்கு நல்லா இருக்கு," என்று சொல்லிவிட்டு வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு போனார். சூசை தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாஸ்டர் அதை வாங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டார்.

அன்று மாலை நடந்ததைப் பாய் எனக்கு இரண்டு குரலில் நடித்துக் காட்டினார். லூர்து தொலைபேசியில் அழைத்து, அந்தச் சனிக்கிழமை மண்டபம் வேண்டும் என்றாராம்.

"அலமாக், அண்ணே! அன்னிக்குப் பெரிய எடத்து புக்கிங்காச்சே."

"யாரு பாய் அது? பேரைச் சொல்லு. நானே போய்ப் பேசுறேன்."

"வேணாம்ணே! அந்த ஆளு ரொம்பக் கோவக்காரன்."

"அப்படியா? எனக்குத் தெரிஞ்ச ஆளாத்தான் இருக்கும். தொப்பி போட்ட ஆளா?"

"தொப்பி... ஆமா, சில சமயம் போடுவான்ணே. நாளைக்கு ஒரு நாள் குடுங்க, நான் பேசிப் பாக்குறேன்."

மறுநாள் பாய், பெரும்பாடுபட்டு மாற்றியதாகச் சொன்னார். லூர்து, "என் தம்பி பொண்ணுக்காக இவ்வளவு செஞ்சியே" என்று தழுதழுத்தாராம். பாய்க்கும் கண் கலங்கிவிட்டதாம். அந்த நேரத்தில் தான் உண்மையிலேயே யாரிடமோ போய்ப் பேசி மாற்றி வந்ததாகவே தோன்றியது என்றார்.

அதன்பிறகு பதிவுத் திரையில் ஒரு கேள்வியைச் சேர்த்தோம். அதற்கு 'ஆம்' என்று குடும்பத்தார் சொன்ன பிறகுதான் பெயர் டிவியில் வரும். நான் கொடுத்த வாசகம், 'அறிவிப்புக்கு ஒப்புதல் பெறப்பட்டதா?' தினேஷ் விளையாட்டாக 'பெரியப்பாவுக்குச் சொல்லியாச்சா?' என்று போட்டு வைத்து, மாற்ற மறந்துவிட்டான். மாற்றச் சொல்லி நான் போனபோது பாய் விடவில்லை. என் வாசகத்தைப் பார்த்தால் எல்லோரும் யோசிக்காமல் 'ஆம்' என்கிறார்களாம். இதைப் பார்த்தால் திரையிலிருந்து தலையைத் தூக்கி ஒருவரை ஒருவர் பார்க்கிறார்களாம். ஒரு நல்ல கேள்வி அப்படித்தான் இருக்க வேண்டும் என்பதால் நானும் விட்டுவிட்டேன். பெரியப்பாவே இல்லாத குடும்பங்களும் அதற்குச் சரியாகவே பதில் சொல்கின்றன.

ஒரு சந்தேகம் மட்டும் எனக்கு மிச்சம் இருந்தது. பழைய பலகையில் பெயர் எழுதாமல் வெறும் குறி போட்டது இந்த நாசூக்குக்காகத்தானே, இத்தனை வருட அனுபவம் அல்லவா, அதை நான் குறைபாடு என்று முதல் வரியில் எழுதிவிட்டேனே என்று பாயிடம் கேட்டேன்.

பாய் என்னை விநோதமாகப் பார்த்தார். "அனுபவமா? கட்டம் சின்னது டீச்சர். பேனா தடி. பேர் எழுதினா பக்கத்து நாள் மேல ஏறிடும்."

இதை நீங்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். யாரும் திட்டமிடவில்லை. ஒரு தடித்த பேனாவும் சின்னக் கட்டமும் இந்த வட்டாரத்துக் குடும்பங்களின் மரியாதையை எத்தனையோ வருடம் காத்துக்கொண்டிருந்தன. கட்டத்தைப் பெரிதாக்கினேன், காவல் போய்விட்டது. பாய்க்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கேட்டிருந்தாலும் அவரால் சொல்லியிருக்க முடியாது. அதனால் பழைய முறையில் ஏதாவது ஒரு குறையைக் கண்டு திருத்தப் போகும்போது, அந்தக் குறையின் நிழலில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று ஒருமுறை நடந்து போய்ப் பாருங்கள். யார் பார்க்க வேண்டும் என்று நான் கேட்டேன். எப்போதிலிருந்து பார்க்கலாம் என்று கேட்கவில்லை.

ஸ்டெல்லாவின் கல்யாண விருந்துக்கு எனக்கும் தினேஷுக்கும் அழைப்பு வந்தது. மாடியில் நல்ல கூட்டம். கேக் வெட்டும் முன் ஜெபம் சொல்ல லூர்துவைத்தான் மேடைக்கு அழைத்தார்கள். ஸ்டெல்லா முட்டியிட்டு, அவர் நெற்றியில் சிலுவை போடும்வரை கண்ணைத் திறக்கவில்லை. கீழே சூசை அழுதுகொண்டே எல்லோருக்கும் தண்ணீர் போத்தல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பந்தியில் லூர்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீங்கதானேம்மா கம்பெனிக்கார டீச்சர்?"

"ஆமாங்கய்யா."

"டிவி நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க. ஆனா எழுத்து ரொம்பப் பெருசு."

கையிலெடுத்த கவளத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினேன்.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்தேன். பாய் தொழுகைக்குப் போயிருந்தாரு. கடைசி மேசையில ஒக்காந்தேன். கண்ணாடிகூடப் போடல." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கொஞ்சம் சின்னதா இருந்திருந்தா, பாக்கலன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டிருப்பேன். அவ்வளவு பெருசா போட்டா ஒரு மனுசன் எப்படிம்மா படிக்காம இருக்கிறது?"

"அப்போ... திங்கக்கிழமை..."

"அன்னிக்கு வந்தா எவனாவது டிவியைக் காட்டி, 'உங்க தம்பி வீட்டுக் கல்யாணமாமே'ன்னு கேப்பான்னு தெரியும். வராம இருந்தா, கோவத்துல வரலன்னு தம்பி நெனைப்பான். அதான் வந்து, முதுகைக் காட்டி ஒக்காந்தேன். என்னைக் கேக்க வருவானா மாட்டானான்னு ராத்திரி பூராவும் ஒரே யோசனை. சமையற்கட்டுல எவனோ தொப்பியோட சட்னி வாளியைத் தூக்கிட்டுப் பின்னாலயே நடந்து போறதைத் தண்ணி கிளாஸ்ல பாத்தேன். சரி, வருவான்னு தெரிஞ்சுது."

மேடையில் ஸ்டெல்லா இந்தப் பக்கம் பார்த்துக் கையசைத்தாள். அவரும் அசைத்தார்.

"தம்பிகிட்ட சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேங்கய்யா."

அவர் பாயசத்தைத் தொடாமல் என் பக்கம் நகர்த்திவைத்தார்.

"இன்னொண்ணும்மா. அடுத்த தடவ இந்த மாதிரி வேலை இருந்தா கொஞ்சம் வெரசா முடிங்க. அந்த மூணாவது தோசை எனக்கு வேண்டவே வேண்டாம். சமையற்கட்டுக்குள்ள இன்னும் கம்ப்யூட்டரைத் தட்டிக்கிட்டு இருக்கிற சத்தம் கேட்டுச்சு, அதான் கேட்டேன். எனக்குச் சுகர் இருக்கு."